ஓவர்டோஸ் மரணத்தைத் தடுக்க டர்பன் மருத்துவ மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது? ஐந்து வழிகளும் என் தேர்வும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் மருத்துவர்கள் சிலர் சேர்ந்த எங்கள் வட்டத்திடம் அடுத்த கல்வியாண்டுக்கென ஒரு சிறு தொகை இருக்கிறது. சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்க நாலைந்து பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என்ன சொல்லிக்கொடுப்பது என்பதிலும் குழப்பம் இல்லை. ஹெராயின், கோடீன், மெத்தடோன் போன்ற ஓபியாய்டு மருந்துகளும் போதைப்பொருள்களும் அளவு மீறி (இதுதான் ஓவர்டோஸ்) ஒருவரின் மூச்சை நிறுத்தும்போது அவரை எப்படிப் பிழைக்க வைப்பது, அந்த நிலை வராமல் எப்படித் தடுப்பது, பழக்கத்தை விட்டாலும் விடாவிட்டாலும் அவருக்கு நேரும் கேடுகளை எப்படிக் குறைப்பது ஆகியவற்றை மருத்துவ மாணவர்கள் பட்டம் வாங்குமுன் கற்றிருக்க வேண்டும். எந்த வழியில் கற்பிப்பது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. விரிவுரை போதும் என்கிறார் ஒருவர். கைபேசியில் ஒரு பாடம் செய்து அனுப்பிவிடலாம் என்கிறார் இன்னொருவர். செய்முறைப் பயிற்சி வேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சுத்தமான ஊசியும் மாற்று மருந்தும் தரும் தீங்கு குறைப்பு மையத்துக்கே மாணவர்களை அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று இங்கே விளக்கமாகச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் இதே கேள்வியோடு இருக்கும் தமிழ் மருத்துவர்களுக்கும், பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் இந்த ஊரின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் பல இடங்களிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960-களில் உருவாக்கப்பட்டது சாட்ஸ்வொர்த். நம் தாத்தா, ஆயாக்கள் கோயில் கட்டிக் காவடி எடுத்த அந்தக் குடியிருப்பில், 2000-களின் நடுவில் ‘சுகர்ஸ்’ என்ற பெயரில் மலிவு ஹெராயின் கலவை ஒன்று பரவியது. பிறகு நகரத்தின் மற்றப் பகுதிகளில் ‘வூங்கா’ என்றும், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ‘நியோப்பே’ என்றும் இதே வகைச் சரக்கு வெவ்வேறு பெயர்களில் அறியப்பட்டது. அதில் எலி விஷம் இருக்கிறது, எச்.ஐ.வி. மாத்திரை இருக்கிறது என்றெல்லாம் பேச்சு உண்டு. மருத்துவருக்கு முக்கியமானது அதில் ஹெராயின் இருக்கிறது என்பதே. பலரும் அதைப் புகைக்கிறார்கள், சிலர் ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். கிடைக்காத நாளில் வயிற்றைப் பிசையும் வலி வரும். அதைத் தெருவில் ‘அரோஸ்டா’ என்பார்கள். அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த இளம் மருத்துவருக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வாயில் முதலில் வருவது அதுதான்.

“நம் மருத்துவமனைகளில் ஓவர்டோஸ் அவ்வளவாக வருவதில்லையே” என்று சில மூத்த மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வருவதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை, கணக்கில் ஏறுவதில்லை. இயற்கைக்கு மாறான மரணம் என்றால் உடல் அரசுப் பிணவறைக்குப் போகிறது, இரத்தம் ஆய்வகத்துக்குப் போகிறது. நாட்டின் தடயவியல் வேதியியல் ஆய்வகங்களில் நச்சியல் பரிசோதனைகள் தேங்கிக் கிடப்பது நாடாளுமன்றம் வரை பேசப்பட்ட பழைய கதை. முடிவு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. குடும்பமும் வெட்கத்தால் ‘மாரடைப்பு’ என்று சொல்லி முடித்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019-ல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1,25,000 பேர் ஓபியாய்டு ஓவர்டோஸால் இறந்தார்கள். இவ்வளவு ஹெராயின் புழங்கும் நகரம் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

தெருவோடு இது நிற்பதும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் கோடீன் கலந்த சில வலி மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் மருந்துச் சீட்டு இல்லாமலே மருந்தாளரிடம் வாங்கலாம். மூட்டு வலிக்கு அதைத் தினம் விழுங்கும் ஆயாவின் கைப்பையில் தூக்க மாத்திரையும் சேர்ந்தே கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே நாம் கற்பிக்கப் போவது யாரோ ஒரு ‘போதைக்காரரை’ப் பற்றிய பாடம் என்று எந்த மாணவரும் நினைத்துவிடக் கூடாது.

எந்த வழி நல்லது என்று எடைபோட, பயிற்சி முடிந்து வெளியே வரும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். ஓபியாய்டு மூளைத்தண்டில் மூச்சைத் தூண்டும் மையத்தை மழுங்கடிக்கிறது. நினைவில்லாத மனிதர், ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, குறைந்துபோன அல்லது நின்றுபோன மூச்சு, இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால் ஓவர்டோஸ் என்றே கொள்ள வேண்டும். உயிர் போவது ஆக்சிஜன் இல்லாததால். எனவே முதல் சிகிச்சை மூச்சுக் கொடுப்பது, ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒன்றாக. அடுத்தது நாலாக்சோன். 1961-ல் காப்புரிமை கோரப்பட்டு 1971-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, ஓபியாய்டு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்கிறது. நரம்பில் போட்டால் ஓரிரு நிமிடங்களிலும், தசையில் போட்டால் இன்னும் சில நிமிடங்களிலும் வேலை செய்யும். பலன் நிற்பதோ 30 முதல் 90 நிமிடங்கள்தான். மெத்தடோன் போன்ற நீண்ட நேர மருந்து உடலில் இருந்தால், நாலாக்சோன் தேய்ந்ததும் மூச்சு மறுபடியும் அடங்கும்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. சிறையிலிருந்து விடுதலையான முதல் நான்கு வாரங்களும், போதை மீட்பு இல்லத்திலிருந்து ‘சுத்தமாகி’ வந்த முதல் நான்கு வாரங்களும் மிகமிக ஆபத்தானவை. உடல் பழக்கத்தை மறந்திருக்கும், மனம் பழைய அளவையே நினைத்திருக்கும். வெஸ்ட்வில் சிறையிலிருந்து வந்த தம்பி வேறு ஏதோ காரணத்துக்காக உங்கள் முன் உட்கார்ந்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்குள் இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு மருத்துவர் காப்பாற்றக்கூடிய உயிர்களில் பெரும்பங்கு இந்த உரையாடலில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒவ்வொரு வழியையும் கீழே இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

விரிவுரையும் கைபேசிப் பாடமும்

இவை இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை தருவதும் ஒன்று, தர முடியாததும் ஒன்று. நாலாக்சோனின் மருந்தியலை ஒரு மணி நேரத்தில் அழகாக விளக்கிவிடலாம். செலவு அநேகமாக இல்லை, ஒரே நாளில் முழு வகுப்பையும் எட்டலாம். கைபேசிப் பாடமும் அப்படியே. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, முதலாண்டு மாணவர்களுக்கு ஓவர்டோஸ் பயிற்சியை நேரிலும் இணையவழியிலும் தந்து ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு முறையிலும் மாணவர்களின் அறிவும் தயார்நிலையும் கூடின. ஆக, அறிவை மட்டும் ஏற்றுவது நோக்கமானால் இணையம் தாராளமாகப் போதும். விரிவுரைக்குத் தனியாக ஆள் தேடிப் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை.

ஆனால் மாணவருக்குக் குறைவாக இருப்பது அறிவா? தேர்வில் கேட்டால் நாலாக்சோன் என்று எல்லோரும் எழுதுவார்கள். கண்மணி சுருங்கும் என்றும் எழுதுவார்கள். இரவு இரண்டு மணிக்கு, வாந்தியில் நனைந்த சட்டையோடு, காவலர் இழுத்து வந்து போட்ட ஓர் இளைஞனின் தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்த விடைத்தாள் உதவிக்கு வராது. கைபேசிப் பாடத்தை நான் ஒரு நுழைவுச் சீட்டாக மட்டும் வைத்துக்கொள்வேன். அதை முடித்தவர் மட்டும் செய்முறைப் பயிற்சிக்கு வரலாம். டேட்டா விலை நம் மாணவர்கள் பலருக்குச் சுமை என்பதால், பல்கலைக்கழக வளாகத்து வைஃபையில் ஒருமுறை இறக்கிப் பிறகு இணையமின்றிப் படிக்கும்படி அதைச் செய்ய வேண்டும்.

ஒரு மதியச் செய்முறைப் பயிற்சி

இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அதே நியூயார்க் பள்ளி, முதலாண்டு மாணவர்களுக்கு எப்படியும் நடக்கிற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியோடு ஓவர்டோஸ் பயிற்சியையும் இணைத்தது. கெட்டிக்காரத்தனமான யோசனை. புதிதாக நேரம் கேட்டுப் பாடத்திட்டக் குழுவின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. மூச்சுக் கொடுத்துப் பழகும் மனித உருவப் பொம்மை தயாராக இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார், மாணவர் கைகளும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

ஆனால் அமெரிக்கப் பயிற்சியை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. அங்கே மூக்கில் அடிக்கும் நாலாக்சோன் ஸ்ப்ரேயை 2023 முதல் மருந்துச் சீட்டில்லாமலே விற்க அனுமதி இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் மாணவர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இங்கே நாலாக்சோன் மருத்துவர் சீட்டில் வரும் ஊசி மருந்து. ஆம்பியூலாக, அதாவது சிறு கண்ணாடிக் குப்பியாக, மருத்துவமனை அலமாரியில் இருக்கும். தெருவிலும் வீட்டிலும் இருக்காது. ஓவர்டோஸைக் கண்ணால் பார்க்க நேரிடும் எவருக்கும் நாலாக்சோன் கிடைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்துவிட்டது. அந்தப் பரிந்துரை இங்கே நிறைவேற நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அதுவரை, டர்பன் மாணவர் ஒரு தாய்க்கோ நண்பருக்கோ சொல்லிக்கொடுக்கக்கூடிய உயிர்காப்பு, மூச்சுக் கொடுப்பதும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், ஆம்புலன்ஸ் வரும்வரை அருகில் இருப்பதும்தான். ஆகவே நம் பயிற்சி மூச்சிலிருந்து தொடங்க வேண்டும். மருந்து அதற்குப் பிறகு வரட்டும்.

இதைச் செய்து பார்க்கும்போது கவனிக்க வேண்டியது மாணவர்களின் கைகளை. பொம்மையை வைத்து, “இவர் மூச்சு விடவில்லை, தொடங்குங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்தான் முதலில் மருந்துத் தட்டுக்கு ஓடுவார். ஆம்பியூலின் கழுத்தைச் சுற்றிப் பஞ்சை வைத்து உடைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி விரலைக் கிழிக்கும். பிறகு 1 மில்லியை ஊசியில் இழுக்க வேண்டும், காற்றுக் குமிழியைத் தட்டி எடுக்க வேண்டும். ஓராள் இதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். அந்த ஒரு நிமிடமும் பொம்மையின் மார்பு எழவே இல்லை என்பதை அவருக்குக் காட்டுங்கள். அடுத்த முறை தாடையில் முதலில் கை வைப்பார். இதை எந்தத் திரையும் கற்றுத் தராது.

இரண்டாவது பாடமும் கைகளில்தான் இருக்கிறது: எவ்வளவு மருந்து? மொத்தமாக 2 மில்லிகிராமை ஒரேயடியாகத் தள்ளினால் நோயாளி துள்ளி எழுவார், வீட்டார் கைதட்டுவார்கள். ஆனால் அவரை ஒரே நொடியில் அரோஸ்டாவின் உச்சத்தில் நிறுத்திவிட்டோம். வாந்தி, நடுக்கம், கோபம். ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலைத் தாண்டிவிடுவார். ஒரு மணி நேரத்தில் நாலாக்சோன் தேய்ந்துவிடும். வலியைத் தாங்க முடியாமல் இடையில் மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தால் முடிவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மூச்சு சீரானதும் நிறுத்த வேண்டும். கண் திறக்காவிட்டால் பரவாயில்லை, தூங்கட்டும். இந்த ஒன்றைப் பதியவைக்க மட்டுமே ஒரு முழு மதியத்தைச் செலவிடலாம்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் நாட்டில் பட்டம் பெற்றவர் இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவராகவும் ஓராண்டு சமூக சேவை மருத்துவராகவும் இருக்க வேண்டும். அந்த மூன்றாம் ஆண்டில் பலர் தொலைதூர மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். இரவில் கேட்க மூத்தவர் தொலைபேசியில் மட்டுமே இருப்பார். கையில் இல்லாததை அங்கே போய்க் கற்க முடியாது.

செய்முறைப் பயிற்சியின் எல்லையையும் சொல்ல வேண்டும். பொம்மை பேசாது. அவமானப்படாது. “நீயாகத்தானே தேடிக்கொண்டாய்” என்று சொல்லும் செவிலியை அது பார்த்ததில்லை.

தீங்கு குறைப்பு மையத்தில் சில நாட்கள்

மாணவரை நாலு பேர் கொண்ட சிறு குழுவாக, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி தரும் ஊசி மாற்றும் சேவைக்கோ மெத்தடோன் மையத்துக்கோ அனுப்பி, அங்கே சில நாள் வேலை செய்ய வைப்பது இந்த வழி. டர்பனில் இதற்கு வரலாறு இருக்கிறது. 2017-ல், ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோனை அளந்து கொடுக்கும் மாற்றுச் சிகிச்சையின் முன்னோட்டத் திட்டம் ஒன்று இங்கே தொடங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீடற்றவர்களை நகராட்சி மோசஸ் மபிடா விளையாட்டரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தில் தங்க வைத்தது. ஹெராயின் கிடைக்காமல் பலர் ஒரே நேரத்தில் அரோஸ்டாவில் துடித்தார்கள். அவர்களுக்கு மெத்தடோன் கொடுத்து நிலைப்படுத்திய அனுபவத்திலிருந்து அதே ஆண்டில் பெல்ஹேவன் தீங்கு குறைப்பு மையம் பிறந்தது. பிரிட்டோரியாவில் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவத் துறையும் ட்ஷ்வானே நகராட்சியும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய கோசப் திட்டம், போதைப் பழக்க சிகிச்சையைத் தெருமுனை வரை கொண்டுபோனது. மருத்துவக் கல்வியும் சேவையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் போலேலாவைக் காட்டுவேன். 1940-ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் நாட்டால் மாகாணத்துப் போலேலாவில் ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கினார்கள். மக்கள் வாழும் இடத்துக்குப் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதன்படி மருத்துவம் செய்யும் முறை அங்கேதான் உருவெடுத்தது. பிறகு சிட்னி கார்க் டர்பன் மருத்துவப் பள்ளியில் குடும்ப மருத்துவத் துறையை நடத்தினார். உலகம் இன்று சமூகம் சார்ந்த ஆரம்ப சுகாதாரம் என்று கொண்டாடும் முறை நம் வீட்டு வாசலில் முளைத்தது.

மையத்தில் மாணவர் கற்பது என்ன? மெத்தடோனின் பலனை எண்களில் அவர் ஏற்கனவே படித்திருப்பார். 2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு விகிதம், சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலத்தைவிட மூன்றில் ஒரு பங்குதான். மையத்தில் அவர் காண்பது அந்த எண்ணின் முகத்தை. காலையில் வரிசையில் நின்று, சிறு கோப்பையில் மெத்தடோனைக் குடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கோப்பையை அலசி அதையும் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் ஒருவரோடு பேசுகிறார். “ஓவர்டோஸ் ஆன நண்பனை ஏன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை?” என்று கேட்கிறார். பதில் எப்போதும் மருந்தைப் பற்றி இருக்காது. வாசற்காவலரைப் பற்றி இருக்கும். போலீஸைக் கூப்பிடுவார்களோ என்ற பயத்தைப் பற்றி இருக்கும். கடைசியாகப் போனபோது வலி மருந்து கொடுக்காமல் சீழ்க்கட்டியை அறுத்த இளம் மருத்துவரைப் பற்றி இருக்கும். நாளைக்குத் தானே அந்த இளம் மருத்துவராக ஆகிவிடக்கூடும் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

ஓவர்டோஸ் ஆனவரை உடனிருந்தவர் கைவிட்டு ஓடுவதுதான் பல மரணங்களின் கடைசி நிமிடம். மருத்துவமனை மேல் நம்பிக்கை இருந்தால் ஓடமாட்டார். அந்த நம்பிக்கையை உண்டாக்கவும் கெடுக்கவும் வல்லவர்கள் நாம் பயிற்றுவிக்கும் இதே பிள்ளைகள். இதனால்தான் என் வாக்கு இந்த வழிக்கு.

மொழியும் இங்கே கைக்கு வருகிறது. குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு ஜூலு மொழியைக் கட்டாயமாக்கியது. வகுப்பில் படித்த ஜூலுவில் வணக்கமும் நலமும் விசாரிக்கலாம். “தனியாக இருக்கும்போது போட்டுக்கொள்ளாதீர்கள், யாராவது பக்கத்தில் இருக்கட்டும்” என்று ஒருவர் முகம் கோணாமல் சொல்ல, அந்த மக்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் குடும்பங்களில் வீட்டு மொழி ஆங்கிலம், தமிழ் கோயிலில். அங்கே தடையாக நிற்பது மொழியைவிட மானம். மகனுக்கு சுகர்ஸ் பழக்கம் என்று தெரிந்தும், “யாருக்கும் தெரிய வேண்டாம் டாக்டர், அவன் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லும் அம்மாவுக்கு, வெட்கம் தராத வார்த்தையில் மூச்சுக் கொடுக்கக் கற்றுத்தர வேண்டும். அந்த வார்த்தையை மாணவர் எங்கே கற்பார்?

இந்த வழியின் குறைகள் கனமானவை, மறைக்க மாட்டேன். முதலாவது, பண்பு. முப்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய் வேடிக்கை காட்டினால் அது பாடமே ஆகாது. அங்கே இருப்பவர்களின் மானத்தை நாமே வாங்குகிறோம். மாணவர்கள் அங்கே வேலை செய்ய வேண்டும்: சுத்தமான ஊசிப் பொதி கட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காசநோய் அறிகுறி கேட்பது. பழக்கத்தோடு வாழ்ந்தவர்களைப் பயிற்றுநராக அழைத்தால், மற்றப் பயிற்றுநருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும். நம் சிறு தொகையில் பெரும்பகுதி இதற்கே போகும். போகட்டும்.

இரண்டாவது, நிலைத்தன்மை. டர்பனின் ஊசி மாற்றுத் திட்டத்தை 2018-ல் நகராட்சி நிறுத்தி வைத்தது, 2020-ல்தான் அது மீண்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டபோது, அந்தப் பணத்தை நம்பியிருந்த எச்.ஐ.வி. சேவைகள் நாடெங்கும் ஆட்டம் கண்டன. ஒரே மையத்தின் மேல் முழுப் பாடத்தையும் கட்டிவைத்தால், மையம் மூடும் நாளில் பாடமும் மூடும். மூன்றாவது, பாதுகாப்பும் பயணமும். மாணவரின் பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பகல் நேரம் மட்டும், மையத்தின் ஊழியர் உடனிருக்க, ஊசி குத்திவிட்டால் உடனே எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கிடைக்கும் ஏற்பாட்டோடு என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

முழுப் பாடத்திட்டத்தில் இழைப்பது

தத்துவமாகப் பார்த்தால் இதுவே மேலான வழி. மருந்தியலில் ஒரு பகுதி, மனநலத்தில் ஒரு பகுதி, குடும்ப மருத்துவத்தில் ஒரு பகுதி, சட்ட மருத்துவத்தில் இன்னொன்று. 2015-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமும் அதன் நான்கு மருத்துவப் பள்ளிகளும் சேர்ந்து, எல்லா மாணவரும் பட்டம் பெறுமுன் அடைய வேண்டிய 10 அடிப்படைத் திறன்களை வகுத்தன. தென்னாப்பிரிக்காவிலும் 2019 முதல் 2024 வரைக்கான தேசிய போதைப்பொருள் பெருந்திட்டம் தீங்கு குறைப்பை ஏற்றுக்கொண்டது. கொள்கை அளவில் வாசல் திறந்திருக்கிறது.

ஆனால் பாடத்திட்டக் குழுவின் வேலை எறும்பு ஊர்வதைவிட மெதுவாக நடக்கும். துறைக்குத் துறை நேரம் பிடுங்கப்படும் என்ற அச்சம், அங்கீகாரக் குழுவின் வருகை, தலைவர் மாற்றம். எங்கள் வட்டம் வெளியாட்களின் குழு, அங்கே ஓட்டும் இல்லை. நான் இதைக் கைவிடச் சொல்லவில்லை. மாணவர்களின் செய்முறைத் தேர்வில் ஓர் ஓவர்டோஸ் நிலையம், அதாவது ஓவர்டோஸைக் கையாண்டு காட்டவேண்டிய ஒரு கட்டம், வந்துவிட்டால், பாடத்திட்டம் அதன் பின்னாலேயே வந்துவிடும். தேர்வில் வருவதைத்தான் மாணவர் படிக்கிறார், துறையும் கற்பிக்கிறது. ஆகவே குழுவிடம் பாட நேரம் கேட்பதைவிட, தேர்வில் ஒரே ஒரு நிலையம் கேட்பது எளிது, பலனும் பெரிது.

என் தேர்வு

பணமும் ஆட்களும் மிகக் குறைவு, ஒரே ஒரு மதியம்தான் இருக்கிறது என்றால், யோசிக்காமல் செய்முறைப் பயிற்சியை எடுப்பேன். அது ஒன்றே ஓர் உயிரைக் காக்கப் போதும். விரிவுரையை விட்டுவிடுவேன். கைபேசிப் பாடம் மட்டுமே முடியும் என்ற இடத்தில் அதைச் செய்யலாம். ஆனால், மாணவர்களுக்கு ஓவர்டோஸ் கற்பித்துவிட்டோம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளக் கூடாது.

எங்கள் வட்டத்திடம் இருக்கும் தொகைக்கும் ஆட்களுக்கும் நான் முன்வைப்பது செய்முறையையும் மையத்தையும் சேர்த்த ஒரு வழி. மருத்துவமனைப் பிரிவுகளுக்குள் நுழையும் ஆண்டில், உயிர்காப்புப் பயிற்சியோடு ஒட்டிய ஒரு மதியச் செய்முறை. அதில் எல்லா மாணவரும் உண்டு. பட்டத்துக்கு முந்தைய ஆண்டில், விரும்பி வருபவர்களுக்கு மையத்தில் சில நாட்கள், நாலு நாலு பேராக. எல்லோரையும் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வதில் வட்டத்துக்குள்ளேயே எதிர்ப்பு உண்டு. விரும்பி வருபவருக்குப் பாடமே தேவையில்லை, வராதவருக்குத்தான் தேவை என்கிறார்கள். அது நியாயமான வாதம். ஆனால் மனமில்லாத மாணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதை அந்த மையத்து மனிதர்கள் ஏன் தாங்க வேண்டும்? வராத மாணவர்களுக்கு, பழக்கத்தோடு வாழ்ந்த பயிற்றுநர் ஒருவரைச் செய்முறை மதியத்துக்கே அழைத்து, பொம்மைக்குப் பக்கத்தில் நின்று பேச வைப்போம். பொம்மை சொல்லாததை அவர் சொல்வார்.

மையத்தோடு போடும் ஒப்பந்தம் ஒன்றோடு நிற்கக் கூடாது. நடமாடும் சேவை ஒன்றையும் சாட்ஸ்வொர்த் பக்கத்துச் சமூக நல மருத்துவர் ஒருவரையும் சேர்த்து, மூன்று இடங்களில் கால் வைக்க வேண்டும். 2018 போல ஒன்று திடீரென மூடினாலும் மாணவர் போக இடம் இருக்கும். நம் கோயில்களையும் மறக்க வேண்டாம். காவடிக்கும், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய வெள்ளி விழாவுக்கும் கூடும் கூட்டத்தில், மாணவர்கள் ஒரு மேசை போட்டு மூச்சுக் கொடுக்கக் கற்றுத்தரலாம். அம்மாக்கள் அங்கே வருவார்கள், காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. முதலுதவிப் பயிற்சி என்றால் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

அளவீடும் வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் உயர்ந்தது என்று மகிழ்வது எளிது. அந்த உயர்வு எந்த வழியிலும் வரும் என்று மேலேயே பார்த்தோம். நான் கேட்பது வேறு. ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி, அதே பொம்மை முன்னால் நிறுத்தி, தாடைக்குப் போகும் கை எத்தனை விநாடியில் போகிறது என்று பார்க்க வேண்டும். மையத்துக்குப் போன மாணவர்களை மதிப்பிட, அங்கே சிகிச்சைக்கு வருபவர்களிடமே கேட்க வேண்டும்: “உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால், இந்தப் பிள்ளையிடம் போவீர்களா?” ஆம், இல்லை என்ற இரண்டே பதில். அதை மாணவரின் மதிப்பீட்டுத் தாளில் மற்ற மதிப்பெண்களுக்கு மேலே, முதல் வரியில் எழுத வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.